வாலில் கொம்பு, வயிற்றில் விஷ இலை!

திண்டுக்கல்லில் பஸ் ஏறி, 18 கொண்டை ஊசி வளைவு தாண்டி சிறுமலைக்கு டூர் போறீங்களா பாஸ்? வழியில் அரளிச் செடி கண்ணில் பட்டால் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. விரல் தண்டிக்குப் பச்சைப் புழு ஒண்ணு இருக்கலாம், வால் பக்கம் கொம்போடு! 'கொட்டிரும்டா'ன்னு செருப்பைக் கழட்டாதீங்க. அந்தக் கொம்பு கொட்டாது, சும்மா பந்தா!

இவர் அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் வாரிசு. நாம் தின்றால் உயிருக்கே ஆபத்தான அரளி இலைதான் இவருக்குச் சாப்பாடு. சீண்டினால் தலையை உள்ளிழுத்து, முதுகிலுள்ள இரண்டு நீலக் கண் புள்ளிகளைக் காட்டி மிரட்டுவார்.

இந்தக் குடும்பத்துப் புழுக்கள் தலையைத் தூக்கி உட்காரும் போஸ், எகிப்தின் ஸ்ஃபிங்ஸ் சிலை மாதிரியே இருக்கும். அதனால் குடும்பப் பெயரே 'ஸ்ஃபிஞ்சிடே'. உலகம் முழுக்க 1,400-க்கும் மேல் இனங்கள். நம்ம அரளிக்காரருக்கு 1758-லேயே பெயர் வைத்தவர் லின்னேயஸ். இன்றைய பெயர் 'டாஃப்னிஸ் நெரியை'.

சருகுக்குள் கூட்டுப்புழுவாகி, மிலிட்டரி டிரெஸ் போட்ட மாதிரி பச்சைச் சிறகோடு வெளியே வருவார். அந்தி சாய்ந்ததும் பூ முன்னால் ஹெலிகாப்டராய் அந்தரத்தில் நின்று, நீளமான உறிஞ்சு குழலால் தேன் குடிப்பார். போகிற போக்கில் மகரந்தமும் பூ விட்டுப் பூ சேரும்.

நாலு இலை போனால் அரளி மறுபடி துளிர்த்துக்கும். மிதிச்ச புழு பறக்குமா? செருப்பு காலிலேயே இருக்கட்டும்!