இசைத்தட்டின் மறுபக்கம் – 9: கையில் டிபன் பாக்ஸ்

1971-இல் வெளிவந்த 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஏம்' இசைத்தட்டின் அட்டையில் பில் விதர்ஸ் டிபன் பாக்ஸும் கையுமாக நிற்கிறார். பாடகரை உழைப்பாளியாகக் காட்ட யாரோ ஒரு விளம்பரக்காரர் போட்டுவிட்ட வேஷம் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். வேஷமில்லை. அவர் வேலை பார்த்த வெபர் ஏர்கிராஃப்ட் ஆலையில், மதியச் சாப்பாட்டு இடைவேளையில் எடுத்த படம் அது. விமானங்களுக்குக் கழிப்பறை செய்கிற வேலை. அப்போது அவருக்கு வயது 32. சோல் இசையில் அந்த வயதுக்குள் பலர் நட்சத்திரமாகி, மங்கியும் போயிருப்பார்கள்.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் 1938 ஜூலை 4 அன்று பிறந்தவர். ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா சுரங்கத் தொழிலாளி; பில்லுக்கு 13 வயதானபோது இறந்துவிட்டார். பையனுக்குத் திக்குவாய். வாயைத் திறந்தாலே கேலி. அவனைத் தேற்றியவள் பாட்டி. பின்னாளில் அந்தப் பாட்டியின் கைகளை வைத்தே ஒரு பாட்டு எழுதினார், 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்'. இரண்டு நிமிடப் பாட்டுதான். தேவாலயத்தில் தட்டும் கை, விழுந்தால் தூக்கும் கை, அடி விழாமல் தடுக்கும் கை என்று கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டு போகும். ஒரு முறைகூட அந்தக் கிழவியின் முகத்தைக் காட்டமாட்டார். நமக்கென்னவோ முகமும் தெரிந்துவிடுகிறது.

பிறகு கடற்படையில் ஒன்பது ஆண்டுகள். திக்குவாயை அங்கேதான் மெல்ல மெல்ல வென்றார். வெளியே வந்து கலிஃபோர்னியாவில் ஆலை வேலை. இசை ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், லட்சியம், கனவு என்றெல்லாம் அவர் பேசியதில்லை. ஓக்லாந்தில் ஒரு கிளப்புக்குப் போயிருக்கிறார். பாட வேண்டிய லூ ரால்ஸ் இன்னும் வந்து சேரவில்லை. வாரத்துக்கு 2,000 டாலர் கொடுத்தும் ஆள் நேரத்துக்கு வருவதில்லை என்று மேனேஜர் புலம்புகிறார். பில்லுக்கு மணிக்கு மூன்று டாலர் கூலி. லூ ரால்ஸ் உள்ளே நுழைந்ததும் அங்கிருந்த பெண்களெல்லாம் அவரைச் சூழ்ந்துகொள்ள, இவர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். அடகுக் கடையில் ஒரு கிதார் வாங்கி, தானே வாசிக்கக் கற்றுக்கொண்டார்.

சசெக்ஸ் என்ற சின்ன கம்பெனியை நடத்திவந்த கிளாரன்ஸ் அவான்ட் அவரை ஒப்பந்தம் செய்தார். தயாரிப்பாளர் புக்கர் டி. ஜோன்ஸ். மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் கம்பெனிக்கு நாடித்துடிப்பாக இருந்த எம்ஜீஸ் குழுவின் தலைவர். தன் பழைய கூட்டாளிகள் டக் டன்னையும் அல் ஜாக்சனையும் பேஸுக்கும் டிரம்ஸுக்கும் அழைத்து வந்தார். கிதாருக்கு ஸ்டீபன் ஸ்டில்ஸ். இவ்வளவு பெரிய ஆட்களுக்கு நடுவே, பாட்டு எழுதிய நோட்டோடு வந்து நின்ற பில், புக்கரைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தப் பாட்டையெல்லாம் யார் பாடப்போகிறார்கள் என்று கேட்டாராம். நீதான் என்றார் புக்கர். வேறு யாரோ பாடகர் வருவார் என்றுதான் மனிதர் காத்திருந்திருக்கிறார்!

கையில் பணம் இல்லாமல் பதிவு நடுவில் ஆறு மாதம் நின்றது. மொத்தமே மூன்று அமர்வுகளில் தட்டு முடிந்தது.

'எய்ன்ட் நோ சன்ஷைன்' பாட்டின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குடியில் மூழ்கும் ஒரு தம்பதியைப் பற்றிய 'டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோசஸ்' படத்தைப் பார்த்துவிட்டு எழுதியது. பாட்டின் நடுவே எழுதி முடிக்காத ஓர் இடம் இருந்தது. அங்கே பிறகு வரிகள் எழுதிக்கொள்ளலாம் என்று, இப்போதைக்கு இரண்டே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடி நிரப்பினார். 26 முறை. புக்கரும் மற்றவர்களும் சொன்னார்கள்: எழுதாதே, அப்படியே விடு. அனுபவசாலிகள் சொல்கிறார்கள், நான் ஆலைக்காரன்தானே என்று விட்டுவிட்டார். இன்று கேட்டாலும் அந்த இடத்தில் வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, ஒரு மனிதன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, நிறுத்தத் தெரியாமல் தவிப்பது கேட்கும். அங்கே எந்த அழகான வரியை எழுதியிருந்தாலும் பாட்டு கெட்டிருக்கும்.

சிறு தட்டாக வந்தபோது இது 'ஹார்லம்' பாட்டின் பின்பக்கம்தான். வானொலிக்காரர்கள் திருப்பிப் போட்டார்கள். பில்போர்டு பட்டியலில் 3-ஆம் இடம், பிறகு கிராமி விருது. பத்து லட்சம் விற்றதற்குக் கம்பெனி கொடுத்த பரிசு: தங்கநிறக் கழிப்பறை இருக்கை.

இதற்கிடையில் ஆலையில் ஆட்குறைப்பு. பில்லுக்கும் வேலை போயிற்று. அப்புறம் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, வேலைக்குத் திரும்பி வரச் சொல்லி ஆலையிலிருந்து. இன்னொன்று, ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வரச் சொல்லி!

அடுத்த ஆண்டே 'ஸ்டில் பில்'. அதில் வந்த 'லீன் ஆன் மீ' முதலிடத்தைப் பிடித்தது. பியானோவில் விரலை வரிசையாக மேலே ஏற்றி இறக்கினால் வந்துவிடுகிற மெட்டு. ஒருவர் வீட்டுக் கஷ்டத்துக்கு இன்னொருவர் ஓடிவரும் ஸ்லாப் ஃபோர்க்கை அறிந்தவர்தான் அதை எழுத முடியும். அப்புறம் சசெக்ஸ் திவாலானது. பில் கொலம்பியா கம்பெனிக்குப் போனார். அங்கே ஆளாளுக்கு யோசனை. எல்விஸ் பிரெஸ்லியின் 'இன் த கெட்டோ'வைப் பாடேன் என்றுகூட ஒருவர் சொல்லியிருக்கிறார். ஏழ்மையைப் பற்றிப் பாட, சுரங்க ஊர்க்காரனை எல்விஸிடம் கடன் வாங்கச் சொல்கிறார்கள்! 1985-இல் கடைசித் தட்டு. அத்தோடு ஒதுங்கிவிட்டார், மனக்கசப்பைக் காட்டிக்கொள்ளாமல், மறுபிரவேசம் என்று ஆரவாரம் செய்யாமல். புக்கர் அவரை இருக்கிறபடி விட்டார், அதனால் ஒரு தட்டு கிடைத்தது. பின்னால் வந்தவர்கள் விடவில்லை, அதனால் பல தட்டுகள் கிடைக்காமல் போயின. என் கணக்கு இவ்வளவுதான்.

2015-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரை வரவேற்றவர் ஸ்டீவி ஒண்டர். 2020 மார்ச் 30 அன்று, 81 வயதில் இறந்தார்.

ஹிட் பாட்டை மட்டும் தேடிக் கேட்காதீர்கள். 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஏம்' தட்டின் 12 பாட்டையும் வரிசையாகக் கேளுங்கள். பீட்டில்ஸின் 'லெட் இட் பி'யை வேண்டுமானால் தாண்டிவிடலாம். அது இல்லாமலும் தட்டு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசிப் பாட்டான 'பெட்டர் ஆஃப் டெட்' முடியும்வரை எழுந்து போகாதீர்கள்.

(அடுத்த வாரம்: டெட்ராய்ட். கம்பெனி முதலாளிக்குப் பிடிக்காத ஒரு பாட்டுக்காக மார்வின் கே பிடித்த பிடிவாதம்.)