சோழன் வந்த கதை போதும், தாத்தா வந்த கதை எங்கே?

ஆண்டு முடிகிற நேரம் வந்தால் பத்திரிகைக்காரர்களுக்குக் கை அரிக்கும். சிறந்த படம் பத்து, சிறந்த பாட்டு பத்து என்று வரிசை போட்டால்தான் தூக்கம் வரும். இந்த முறை ஆசிரியருக்குப் பாட்காஸ்ட் மேல் கண். "உங்க கெடா பக்கம் சனங்க எதைக் கேக்குறாங்க? உங்களுக்குப் பிடிச்சது எது? பத்து எழுதிக் கொடுங்க" என்றார். பத்து தேறாது என்று அப்போதே சொல்லிவிட்டேன். தேறியதைச் சொல்கிறேன், நடுவில் என் புலம்பலும் கொஞ்சம் இருக்கும்.

முதலில் யார் கேட்கிறார்கள் என்று பார்ப்போம். சொகுசுக் கார் வைத்திருக்கும் இளைஞர்கள்தான் என்று நினைத்தால் தப்பு. கெடாவில் பாட்காஸ்டின் நிஜமான ரசிகர்கள் கம்பெனி பஸ்ஸில் இருக்கிறார்கள். பாடாங் செராய், லூனாஸ் பக்கமிருந்து கூலிம் ஹைடெக் பார்க்குக்குப் போகிறவர்கள், பாலம் தாண்டிப் பாயான் லெப்பாஸ் வரை போகிறவர்கள் எல்லாரும் கோழி கூவுமுன் பஸ் ஏறிவிடுகிறார்கள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். படம் பார்த்தால் தலை சுற்றும், பாட்டு சலித்துவிட்டது. மிச்சம் இருப்பது காதுதான்.

ஒருமுறை கூலிம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு அக்காமார். இருவருக்கும் சேர்த்து ஒரே இயர்போன். ஒரு முனை இவர் காதில், மறு முனை அவர் காதில். பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவன் எங்கோ வசமாக மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். "ஐயையோ, போச்சு!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்த, தூங்கிக்கொண்டிருந்த பஸ்ஸில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். டிரைவர் பிரேக்கில் கால் வைத்துவிட்டார்.

ஆகவே முதல் சிபாரிசு கல்கிக்கே. பொன்னியின் செல்வன் படம் 2022இலும் 2023இலும் இரண்டு பாகமாக வந்த பிறகு கல்கியைக் குரலில் வாசிக்காதவர் பாக்கியில்லை. அந்தக் கூட்டத்தில் தீபிகா அருணின் 'கதை ஓசை' தனியாகத் தெரிகிறது. நிதானமான வாசிப்பு. பாத்திரத்துக்குத் தகுந்தபடி குரல் மாறும், ஆனால் மேடை நாடகம் ஆகாது. நம் பக்கத்துக்கு இது பொழுதுபோக்கையும் தாண்டிய உதவி. தமிழ்ப்பள்ளி நமக்கு ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதற்குப் பிறகு இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடமாகக் கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. வீட்டில் சரளமாகப் பேசுகிறவர்களுக்கும் ஐந்து பாக நாவல் என்றால் எழுத்துக் கூட்டி முடிவதற்குள் ஆயுசு போய்விடும். கண்ணுக்கு எட்டாத கல்கி காதுக்கு எட்டுகிறார். தாராளமாகக் கேளுங்கள்.

ஏன் எல்லாரும் கல்கியையே பிடித்துக்கொள்கிறார்கள் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. தமிழ்நாடு அரசு 1999இல் கல்கியின் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், காசு கட்ட வேண்டாம், மைக் இருந்தால் போதும். நாட்டுடைமை ஆன எழுத்தாளர் ஆயிரம் வாயில் வாழ்கிறார். ஆகாதவர் அலமாரியில் கிடக்கிறார். மலேசியத் தமிழ் நாவல்கள் பெரும்பாலும் எந்த ஒலிபரப்பிலும் காதில் விழாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து பவா செல்லதுரை. திருவண்ணாமலையிலிருந்து வரும் அவருடைய கதை சொல்லல் காணொளியாகத்தான் கிடைக்கிறது என்றாலும் திரையை அணைத்துவிட்டுக் கேட்கலாம். அவர் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதில்லை. அஞ்சடியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தபடி பேசுகிற பெரியவர் மாதிரி, தனக்குப் பிடித்த சிறுகதையைத் தன் பாணியில் சொல்லிக்கொண்டு போவார். சில நேரம் மூலக்கதை ஒரு பக்கமும் பவா ஒரு பக்கமும் போவார்கள். போகட்டும், சுகமாக இருக்கிறது.

அரசியல் பிரியர்களுக்கு விகடனின் 'இம்பர்ஃபெக்ட் ஷோ'. நம் ஊர் சட்டமன்ற உறுப்பினர் யார் என்று கேட்டால் விழிக்கிறவர்கூட கோயம்புத்தூர் வேட்பாளருக்காக ஒட்டுக்கடையில் சண்டை போடுகிறார் என்றால் இதைக் கேட்பவர் என்று அர்த்தம். ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழ் எனக்கு மிகவும் பிடித்தது. சின்னச் சின்னப் பேட்டிகள், சுற்றி வளைக்காத கேள்விகள், காதுக்கு விருந்தாக ஈழத்தமிழ். உள்ளூர்ச் சரக்கு வேண்டுமானால் ராகா, மின்னல் வானொலிகள் தங்கள் நிகழ்ச்சிகளைச் செயலிகளில் போட்டு வைக்கின்றன, விட்டதைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: கூகுள் பாட்காஸ்ட் 2024இல் மூடப்பட்டுவிட்டது. 'என் கதையெல்லாம் காணாமப் போச்சு' என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அவர்கள் எதையும் அழுத்திக் கெடுக்கவில்லை. ஸ்பாட்டிஃபையோ யூடியூப்போ போட்டுக் கொடுங்கள்.

சிபாரிசு இத்தோடு முடிந்தது என்று சொல்லிக் கிளம்பியிருப்பேன். பீடோங்கில் கேட்ட ஒரு கேள்வி விடமாட்டேன் என்கிறது.

அங்கே ஓர் ஐயா. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. தோட்டம் கைமாறி, லயம் போய், இப்போது தாமான் வீட்டில் மகனோடு இருக்கிறார். பேரன் ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைப் பற்றிய பாட்காஸ்டைச் சத்தமாக வைத்திருந்தான். 1025, கப்பல் படை, வித்யாதர தோரணம் என்று ஒருவர் முழங்கிக்கொண்டிருந்தார். ஐயா காதைத் தீட்டிக் கேட்டார். பிறகு பேரனிடம், "ராசா எந்தக் கப்பல்ல வந்தாரு?" என்றார். பேரன் விழித்தான். "எங்கப்பா ரஜூலாவுல வந்தாரு. ஜெரஜாக் தீவுல இறக்கி மருந்து தெளிச்சு, அப்புறந்தான் தோட்டத்துக்கு அனுப்புனானுங்க. அதைச் சொல்றவன் எவனாச்சும் உன் போன்ல இருக்கானா பாரு."

நானும் தேடினேன். ராஜேந்திரன் இருக்கிறார், ஏராளமாக இருக்கிறார். கடாரம் என்று தட்டினால் போதும், கொட்டுகிறது. அவற்றில் பாதி பூஜாங் பள்ளத்தாக்கைச் சோழன் கட்டியதாகவே நினைத்துப் பேசுகின்றன. மெர்போக் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வந்தாலே தெரிந்துவிடும், அங்குள்ள பழமையான தடயங்கள் சோழப் படைக்குக் குறைந்தது ஐந்தாறு நூற்றாண்டு முந்தியவை, அவற்றில் பௌத்தச் சான்றுகளும் ஏராளம் என்று. கடாரம் கொண்டான் என்று 2019இல் ஒரு படமே வந்தது. அதில் கதை நடப்பது கோலாலம்பூரில்! கெடாவின் பழம்பெயர் எல்லாருக்கும் வேண்டும், கெடாக்காரன்தான் வேண்டாம்.

ரஜூலாவுக்கு வருவோம். 1926இல் கட்டப்பட்டு, சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய கப்பல். சோழனின் மொத்தக் கப்பற்படையும் கொண்டுவந்ததைவிட அதிகத் தமிழர்களை அந்த ஒற்றைக் கப்பல் கொண்டுவந்து இறக்கியிருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் சுங்கை பட்டாணியிலும் கோலா கெட்டிலிலும் இருக்கிறார்கள். வாயும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் மைக் அவர்கள் பக்கம் திரும்புவதில்லை.

சயாம் மரண ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். போரின்போது ஜப்பான்காரர்கள் போட்ட 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் இரு முனைகளும் சேர்ந்தன. மலாயாத் தோட்டங்களிலிருந்து ரயில் ஏற்றப்பட்ட பல்லாயிரம் தமிழர்களில் திரும்பாதவர்களே ஏராளம். அதே மாதத்தில்தான் ஜப்பான்காரர்கள் கெடாவைத் தூக்கிச் சயாம் கையில் கொடுத்தார்கள். போர் முடியும் வரை இந்த மாநிலத்துக்குப் பெயர் சைபுரி. தோட்டத்து ஆள் சயாமுக்குப் போக, சயாம் தோட்டத்துக்கே வந்துவிட்டது! எவ்வளவு பெரிய கதை! இதை எழுத்தில் கொண்டுவந்தவர்கள் உண்டு: ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவல் எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார், சுங்கை பட்டாணிக்காரரான கோ. புண்ணியவான் 'கையறு' எழுதினார். இந்த மூன்றையும் தொடராக வாசிக்க ஒருவர் வந்தால், கம்பெனி பஸ்ஸில் வந்தியத்தேவனுக்குப் போட்டியாளர் கிடைத்துவிடுவார்.

இன்னொன்று, தொண்டர் படை. போர் முடிந்த கையோடு பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தொடங்கியது. கள்ளுக்கடைக்கு எதிராகத் தோட்டத்து இளைஞர்களைத் திரட்டி, காக்கி உடுத்தி, கவாத்துப் பழக்கி, கெடாத் தோட்டங்கள் பலவற்றைக் கட்டுக்குள் கொண்டுவந்த படை. 1947இல் போலீசோடு மோதி, ரத்தம் சிந்தி, அடக்கப்பட்டது. ஒரு நெடுந்தொடருக்கு வேண்டிய அத்தனையும் இதில் இருக்கிறது: கதாநாயகன், எதிரி, கள்ளு, துரைமார், அடிதடி. சென்னையில் நடந்திருந்தால் இந்நேரம் இரண்டு சீசன் ஓடியிருக்கும்.

'பொழுதுபோக்கைப் பொழுதுபோக்காக விடுங்கய்யா, எதற்கெடுத்தாலும் வரலாறா' என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். உழைத்துக் களைத்தவன் சிரிக்கக் கேட்கிறான், அதுவும் நியாயம்தான். கேட்கட்டும். அவன் சிரிப்பு என்றைக்கும் கிடைக்கும், எண்பது தொண்ணூறு வயதுக்காரர்கள் அப்படியல்ல.

இந்த ஆண்டு நான் கேட்டதில் முதலிடம் கொடுப்பது பாட்காஸ்டே அல்லாத ஒன்றுக்கு. சிங்கப்பூரின் தேசிய ஆவணக் காப்பகம் 1979இலிருந்து சாதாரண மனிதர்களின் வாய்மொழி நினைவுகளைப் பதிவு செய்துவருகிறது. பல பதிவுகளை இணையத்திலேயே கேட்கலாம். தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள். பின்னணி இசை கிடையாது, 'வணக்கம் நேயர்களே' கிடையாது. கேட்பவர் கேட்கிறார், பெரியவர் இருமிவிட்டுப் பதில் சொல்கிறார். கொஞ்சம் பழகிவிட்டால் மற்றதெல்லாம் சர்க்கரை கூடின தே தாரிக் மாதிரி ஆகிவிடும். அந்தத் தீவு சின்னது, ரப்பர் காடு அழிந்து எவ்வளவோ காலமாகிறது. காடு நம்மிடம் இருந்தது, ஆட்களும் நம்மிடம் இருக்கிறார்கள். பதிவு அவர்களிடம் இருக்கிறது.

பீடோங் ஐயாவிடம் பேரனின் போனை நீட்டிப் பால்மரம் வெட்டுவதைப் பற்றிக் கேட்டோம். முதலில் போனைக் காதில் வைத்து "அலோ" என்றார். பிறகு பிடிபட்டுவிட்டது. பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தண்டவாளத் துண்டைத் தட்டும் சத்தத்தை வாயாலேயே தட்டிக் காட்டினார். மழை விழுந்தால் தண்டவாளம் தட்டமாட்டார்களாம். படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு, சத்தம் வராதா வராதா என்று காத்திருப்பார்களாம், வராவிட்டால் அன்றைக்குக் கூலியும் இல்லை. காண்டா வாளி இரண்டும் நிறைந்துவிட்டால் நடையின் தாளமே வேறு, கால் பதிவதைக் கேட்டே எந்த நிரையில் பால் நன்றாக இறங்கியது என்று கிராணி சொல்லிவிடுவார் என்றார். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது. இருந்தாலும் அந்த நடையை எழுந்து நடந்து காட்டினார். சிமெண்டுத் தரையில் செருப்பில்லாத கால் இரட்டை எட்டாக விழுந்தது. பதிவில் அதுவும் இருக்கிறது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேலை. கெடாவில் வெள்ளி, சனி விடுமுறை. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஆயாவையோ தாத்தாவையோ உட்கார வையுங்கள். ஸ்டுடியோ வேண்டாம், போன் போதும். டிவியை அணையுங்கள். காற்றாடியையும் அணையுங்கள், அதன் இரைச்சல் பேச்சைத் தின்றுவிடும். புழுங்கும், இருபது நிமிடம் தாங்கலாம். 'உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க' என்று கேட்காதீர்கள். 'என்னத்தச் சொல்றது, கஷ்டம்தான்' என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், ஒட்டுப்பாலை எங்கே கொட்டினீர்கள், கள்ளுக்கடைக்குப் போகிற வழியில் யார் வீடு, ஆயக்கொட்டகையில் பிள்ளைக்கு என்ன கொடுத்தார்கள் என்று சில்லறையாகக் கேளுங்கள். நடுவில் அவர்கள் நிறுத்தினால் நீங்கள் பேசி நிரப்பாதீர்கள். தோட்டத்தின் பெயர், பிரிவு எண், பேசிய தேதி மூன்றையும் பதிவின் தொடக்கத்தில் உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெளியிட விரும்பினால் ஸ்பாட்டிஃபையில் செலவில்லாமல் ஏற்றலாம். பேசியவரிடம் சம்மதம் கேட்டுவிட்டு ஏற்றுங்கள், குடும்பச் சண்டை ஏதாவது உள்ளே வந்திருந்தால் வெட்டிவிட்டு ஏற்றுங்கள். வெட்டாத மூலப்பதிவு வீட்டில் இரண்டு இடத்தில் இருக்கட்டும். உறவுக்காரர்களுக்கு அனுப்பும்போது மட்டும் புலனத்தில் குரல்செய்தியாகப் பேச வைத்து அனுப்பாதீர்கள். அது ஒலியை நசுக்கிவிடும். கோப்பாக இணைத்து அனுப்புங்கள், போன் மாற்றினாலும் தேடி எடுக்க வசதி.