நூலக வேலை என்றால் புத்தகம் அடுக்குவது மட்டும்தானா?

நம் சங்கத்துக் குடும்பங்களில் ஒரு பிள்ளை மேற்படிப்புக்குப் போனால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "அசிஸ்டன்ட்ஷிப் கிடைச்சுதா?" என்பதுதான். டீச்சிங் அசிஸ்டன்ட் என்றால் பெருமை. ரிசர்ச் அசிஸ்டன்ட் என்றால் இன்னும் பெருமை. சென்ற பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஓர் அன்பர் மட்டும் முகம் வாடியிருந்தார். "பொண்ணுக்கு லைப்ரரியிலதான் வேலை கெடைச்சிருக்காம் சார். புத்தகம் அடுக்கறதுக்கா எம்.எஸ். படிக்க அனுப்பினோம்?" என்றார்.

விசாரித்தேன். அந்தப் பெண் ஒரு புத்தகத்தைக்கூட அடுக்கவில்லை. வாரத்தில் சில மணி நேரம் நூலகத்தில் ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். சமூகவியல், பொதுச் சுகாதாரம், கல்வியியல் படிக்கும் மாணவர்கள் தங்கள் புள்ளிவிவரங்களோடு வருகிறார்கள். எந்தச் சோதனையைப் போடுவது, விடுபட்ட பதில்களை என்ன செய்வது, வரைபடத்தை எப்படிப் போடுவது என்று அவளிடம் கேட்கிறார்கள். சில சமயம் பேராசிரியர்களே வந்து கேட்பதுண்டாம். இது புத்தகம் அடுக்குகிற வேலையா என்று நீங்களே சொல்லுங்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களில் இப்படிப்பட்ட வேலைகள் இன்று பரவலாக உண்டு. ஓர் உதாரணம் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பாப்ஸ்ட் நூலகம். அங்குள்ள டேட்டா சர்வீசஸ் பிரிவில் முதுநிலை மாணவர்களே ஆலோசகர்களாக இருக்கிறார்கள். ஒருவர் எஸ்.பி.எஸ்.எஸ்., ஸ்டாட்டா, ஆர் போன்ற புள்ளியியல் மென்பொருள்களில் தேர்ந்தவராக இருப்பார். இன்னொருவர் நிலவரைபட மென்பொருளில் கைதேர்ந்தவர். மற்றொருவர் நேர்காணல்களை எழுத்தாக்கி வகைப்படுத்தும் முறையில் பயிற்சி பெற்றவர். 2011 ஜனவரி முதல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் ஆராய்ச்சிப் பணம் கேட்கிறவர்கள், தரவுகளை எப்படிச் சேமித்துப் பகிரப்போகிறார்கள் என்ற திட்டத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று ஆயிற்று. அதற்குப் பிறகு நூலகங்களுக்கு இந்தப் பக்கத்தில் வேலை கூடியது.

சம்பளம், விசா பற்றிப் பெற்றோர் கேட்பது வழக்கம். எப்-1 விசாவில் இருப்பவர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். நூலக வேலையும் இதில் அடங்கும். தனி வேலை அனுமதி அட்டை வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: கல்விக் கட்டணச் சலுகை இந்த வேலையோடு சேர்ந்து வருகிறதா, அல்லது மணிக்கணக்குக் கூலி மட்டும்தானா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 117-ஆவது பிரிவு, கற்பித்தல் அல்லது ஆராய்ச்சி வேலை செய்யும் முதுநிலை மாணவருக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகைக்கு வரிவிலக்கு தருகிறது. நூலக வேலை எந்தத் தலைப்பில் வருகிறது என்பதை வேலைக் கடிதத்தைப் பார்த்து, பல்கலைக்கழக அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இந்த விஷயம் என்னை எங்கள் ஊர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எங்கள் ஊர் குடுபல்லி. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் போகும் ரயிலில் குப்பத்தைத் தாண்டினால் வரும் சிறிய நிலையம். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம். ஒரு பக்கம் கர்நாடகம், ஒரு பக்கம் தமிழ்நாடு. எங்கள் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் கன்னடமும் சேர்ந்துகொள்ளும். மொழிவாரி மாநிலங்களைப் பிரித்தவர்கள் எங்கே கோடு போட்டாலும் அது யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையின் குறுக்கே போயிருக்கும், அப்படிப்பட்ட இடம்.

இந்தக் கோட்டின் பக்கத்திலேயே 1997-இல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இடத்தில் திராவிட மொழிகளைச் சேர்த்து வைத்து ஆராய வேண்டும் என்ற எண்ணம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த வ.அய். சுப்பிரமணியம் இங்கே இணைவேந்தராக இருந்தார். குடுபல்லியும் குப்பமும் அடுத்தடுத்த மண்டலங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சிப் படிப்பு கூப்பிடு தூரத்தில் வந்துவிட்டது என்று அப்போது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

இங்கே ஓர் ஆராய்ச்சி மாணவர் எங்கள் ஊர்த் தமிழைப் பதிவு செய்ய வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் சிக்கல் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. தமிழில் 'குடுபல்லி' என்று எழுதுகிறோம். முதல் எழுத்தைக் 'காகம்' போல வலித்துச் சொல்வதில்லை, 'கங்கை' போல மெலித்துச் சொல்கிறோம். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. தெலுங்கில் வேறு வேறு எழுத்து. அமெரிக்க நூலகங்களின் பட்டியல் முறைப்படி தமிழ் எழுத்தை ரோமன் எழுத்துக்கு மாற்றும்போது ஊர் 'கே' வரிசையில் போகும். தெலுங்கு நூலிலிருந்து மாற்றினால் 'ஜி' வரிசையில் வரும். ரயில்வே எழுதுவது ஒரு விதம், வருவாய்த் துறை எழுதுவது ஒரு விதம். தேடுகிறவர் ஒன்றை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஊரைப் பற்றி யாரும் எழுதவில்லை என்று முடிவு கட்டிவிடலாம். இதை முதல் நாளே சொல்லிக்கொடுக்க நூலகத்தில் ஓர் ஆள் இருந்தால் எவ்வளவு உபயோகம்!

அடுத்து, கேள்வியை எந்த மொழியில் கேட்பது? பள்ளித் தெலுங்கில் கேட்டால் எங்கள் ஊர்ப் பெரியவர் மரியாதைக்காகத் தெலுங்கிலேயே பதில் சொல்வார். ஆராய்ச்சியாளர் அவரைத் தெலுங்குக்காரர் என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். அதே மனிதர் மாட்டை அதட்டும்போது தமிழில் அதட்டுவார். யாரைக் கேட்பது, எந்த வயதினரை, எந்த மொழியில் பள்ளி படித்தவரை, வீட்டிலா வயலிலா என்பதையெல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். போன பிறகு தீர்மானிக்க முடியாது.

இதில் அவசரமும் இருக்கிறது. எங்கள் பகுதியிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. 2001 பிப்ரவரியில் அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டன. கடைசி ஷிப்டில் இளைஞராக இறங்கியவர்களுக்கே இப்போது வயதாகிவிட்டது. அவர்கள் அப்பாக்களின் காலத்தைச் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. அவர்களைத் தேடிப் போகும் மாணவர் மட்டமான ஒலிப்பதிவோடு, சம்மதக் கையெழுத்து இல்லாமல், கோப்புக்குப் பெயர்கூட வைக்காமல் திரும்பி வந்தால் இரண்டாம் முறை போய்ப் பதிவு செய்ய அந்தப் பெரியவர் இருக்கமாட்டார்.

என் அக்கா மகன் வேறொரு ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. செய்தான். ஊர் ஊராகப் போய் இருநூறு பேரிடம் கேள்வித்தாளை நிரப்பி வாங்கினான். வயதைக் கேட்டபோது "18 முதல் 30", "31 முதல் 50" என்று கட்டம் போட்டு டிக் பண்ணச் சொல்லியிருந்தான். கடைசியில் வயதுக்கும் வருமானத்துக்கும் துல்லியமான உறவு பார்க்க வேண்டும் என்று வழிகாட்டி சொன்னபோது, யாருடைய சரியான வயதும் கையில் இல்லை. "மாமா, எல்லாம் முடிஞ்சப்புறம்தான் இதைச் சொல்றாங்க" என்று போனில் அழாத குறை. ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் தீசிஸ் டைப்பிங் செய்கிற இடத்தில், எஸ்.பி.எஸ்.எஸ். போட்டுத் தருகிறோம் என்று ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு பத்து அட்டவணைகள் அச்சடித்துக் கொடுத்தார். அந்த அட்டவணைகள் என்ன சொல்கின்றன என்று அவருக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது. களத்துக்குப் போகும் முன் விவரம் தெரிந்த ஒருவர் அரை மணி நேரம் அந்தக் கேள்வித்தாளைப் பார்த்திருந்தால் ஆறு மாதம் மிச்சம். இந்த மாதிரிக் கடைகள் எந்தப் பல்கலைக்கழக வாசலில்தான் இல்லை? நூலகத்தில் கிடைக்காத உதவி தெருவில் விலைக்குக் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

உதவி மேசை என்பது மேல்நாட்டுச் சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். வேலை சலித்துப்போய், பழைய வகுப்பறைக்கே திரும்புகிறேன் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றாராம். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அவர் சொல்லி அனுப்பினார். போனவர் 1925-இல் வேறு மனிதராகத் திரும்பினார். 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது நான்காவது விதி. வாசகரோடு கூட நின்று அவருக்கு வேண்டியதைத் தேடித் தருவதே நூலகரின் தலையாய பணி என்பது அவர் கொள்கை. 1929-இல் சென்னை நூலகச் சங்கம் நடத்தத் தொடங்கிய நூலகப் பயிற்சிப் பள்ளியிலும் அவர் இதைத்தான் வற்புறுத்தினார். கணக்கு வாத்தியார் நூலகரானதால் நமக்குக் கிடைத்த லாபம் இது.

இந்தியாவில் இன்றைய விதிகளும் இதற்கு இடம் தருகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு பிஎச்.டி. ஒழுங்குவிதிகளின்படி, ஆராய்ச்சி மாணவர் குறைந்தது 12 கிரெடிட் பாடம் படிக்க வேண்டும். அதில் ஆராய்ச்சி முறையியல் ஒரு பாடம், ஆராய்ச்சி நெறிமுறை ஒரு பாடம். மாணவருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆராய்ச்சி உதவி வேலை கொடுக்கலாம் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. பெரும்பாலும் இந்த மணிகள் இளங்கலை விடைத்தாள் திருத்துவதிலேயே போய்விடுகின்றன என்று கேள்விப்படுகிறேன். அவற்றில் கொஞ்சத்தை நூலகத்துக்குத் திருப்பினால் என்ன? மூன்றாம் வருட மாணவர் ஒருவர் முதல் வருடத்தாருக்குச் சொல்லித் தரட்டும். தனக்குத் தெரிந்ததும் அப்போதுதான் அவருக்கே தெளிவாகும்.

பணமும் ஒரு கேள்விதான். நெட் தேர்வில் ஜே.ஆர்.எப். வாங்கியவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அது வாங்காதவருக்கு மத்தியப் பல்கலைக்கழகத்தில் 8,000 ரூபாய் உண்டு, மாநிலப் பல்கலைக்கழகத்தில் அந்த 8,000-மும் கிடையாது. எங்கள் பக்கத்தில் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பார்த்த பிள்ளைகள் பலர் இந்தக் கடைசி வகையில்தான் இருக்கிறார்கள். காலையில் டுடோரியலில் பாடம் நடத்திவிட்டு மாலையில் ஆராய்ச்சி செய்கிறார்கள். நூலகத்திலேயே ஒரு சிறிய சம்பளம் கிடைத்தால் டுடோரியலுக்கு ஓட வேண்டியதில்லை.

தமிழ் நூல்களைப் பாதுகாப்பதற்குக் கடல் கடந்து கைகொடுத்த முன்னுதாரணம் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992-இல் காலமான பின், அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களை 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்து ஆராய்ச்சி நூலகமாக்கினார்கள். அந்த நூலகம் இன்றும் நடக்கிறது. நாம் சிகாகோ பல்கலைக்கழகம் அல்ல. ஆனால் நம் சங்கத்தில் புள்ளியியல் படித்தவர்கள், நூலகர்கள், மருத்துவ ஆராய்ச்சியில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். பொங்கல் வரிசையில் நான் பார்த்த அன்பரின் மகளும் இருக்கிறாள்.

பணம் அனுப்புவதென்றால் இந்தியாவின் 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். நேரம் கொடுப்பதற்கு அப்படி ஒரு தடையும் இல்லை. மாதம் ஒரு சனிக்கிழமை, இங்கே காலை நேரம், அங்கே மாலை. கணினித் திரையில் ஒரு மணி நேரம். களத்துக்குப் போகும் முன் கேள்வித்தாளைப் பார்த்துக் கொடுப்பது, பழைய எழுத்துருவில் தட்டிய ஆய்வேட்டை யூனிகோடுக்கு மாற்றும் வழி காட்டுவது, ஒலிப்பதிவுக் கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் முறை சொல்லித் தருவது. இவற்றில் எதுவுமே தமிழில் சொல்ல முடியாத விஷயம் இல்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெலுங்கிலும் சொல்லக்கூடியவர் கிடைத்தால் இன்னும் நல்லது. அப்படிச் சிலர் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள், கூச்சத்தில் சொல்வதில்லை.

அடுத்த செயற்குழுவில் இதை எழுத்தாகக் கொடுக்கப் போகிறேன். விருப்பமுள்ளவர்கள் அதற்கு முன் என்னிடமோ செயலாளரிடமோ பெயர் கொடுக்கலாம். எந்த மென்பொருள் தெரியும், எந்த மொழியில் பேச முடியும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் வசதி.