அவசர இடங்காட்டிக் கருவிகளின் வரம்புகள்: ஒக்கி புயலை முன்வைத்து

முன்னுரை

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை முதலான ஊர்களின் ஆழ்கடல் மீனவர் பலர் உயிரிழந்தனர். எச்சரிக்கை வெளியாவதற்குப் பல நாள் முன்பே கடலுக்குச் சென்றிருந்தோருக்கு அச்செய்தி எட்டவில்லை. ஆபத்தில் சிக்கியவரின் இருப்பிடத்தை அறிவிக்கும் கருவிகள் இத்தகைய இழப்பை எந்த அளவுக்குத் தடுக்கும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

செயல்முறை

அமெரிக்கா, கனடா, பிரான்சு, சோவியத் ஒன்றியம் ஆகியவை 1979-இல் தொடங்கிய கோஸ்பாஸ்-சார்சாட் அமைப்பில் இந்தியாவும் பங்கேற்கிறது. தனிநபர் கருவி 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஏறத்தாழ 50 நொடிக்கு ஒருமுறை குறிப்பலையை அனுப்பும். செயற்கைக்கோள் வழியே அதனைப் பெறும் பெங்களூரு மையம், மீட்புப் படையினருக்குத் தகவல் தரும்.

வரம்புகள்

முதலாவதாக, கப்பலில் பொருத்தப்படும் மிதவைக் கருவி மூழ்கும்போது தானே விடுபட்டு இயங்கவல்லது. தனிநபர் கருவியையோ பொதுவாகக் கையால்தான் இயக்க வேண்டும். உறக்கத்தில் படகு கவிழ்ந்தவருக்கும் நினைவிழந்தவருக்கும் அது பயன்படாது.

இரண்டாவதாக, அதன் ஆன்டெனா நீருக்குமேல் வானை நோக்கி நிற்க வேண்டும். அலைகளிடையே நீந்துபவருக்கு இஃது எளிதன்று.

மூன்றாவதாக, ஜிபிஎஸ் வசதியற்ற கருவியின் இருப்பிடக் கணிப்பு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வரை பிழைபடலாம். மின்கலம் குறைந்தது 24 மணிநேரம் இயங்கும் வகையில் அமைக்கப்படுகிறது. 400 கிலோமீட்டர் தொலைவை 20 கடல்மைல் வேகத்தில் கடக்கும் மீட்புக் கப்பலுக்கு மட்டுமே ஏறத்தாழ 11 மணிநேரம் தேவை. புயற்கடலில் அவ்வேகமும் குறையும்.

நான்காவதாக, ஒவ்வொரு கருவிக்கும் தனி அடையாள எண் உண்டு. உரிமையாளரின் விவரம் பதிவு செய்யப்படாவிடில், வந்தது உண்மை அழைப்பா, தவறுதலாக எழுந்ததா என உறவினரிடம் கேட்டறியும் வழி அடைபடும்.

ஐந்தாவது வரம்பே ஒக்கியோடு நேரடித் தொடர்புடையது. இக்கருவி கடலிலிருந்து கரைக்குக் குரல் கொடுக்குமேயன்றி, கரையின் எச்சரிக்கையைக் கடலுக்குக் கொண்டு செல்லாது. ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்கள் 2020 முதல் வழங்கும் மறுமொழி வசதியும், அழைப்பு கிடைத்தது என்பதை மட்டுமே தெரிவிக்கும். படகுகளுக்கென இஸ்ரோ 2024-இல் அறிமுகப்படுத்திய இரண்டாம் தலைமுறை ஆபத்து அறிவிப்புக் கருவி, மறுமொழியோடு வானிலை எச்சரிக்கையையும் பெறவல்லதாக இருப்பது குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

இடங்காட்டிக் கருவி தேடும் பரப்பைச் சுருக்குகிறது, மீட்பை உறுதிசெய்வதில்லை. புயலுக்கு முன் மீனவரைக் கரைசேர்ப்பது எச்சரிக்கையே. ஆதலின் கருவி வழங்குவதோடு அமையாது, பதிவு, பயிற்சி, இருவழித் தொடர்பு ஆகியவற்றையும் ஒருங்கே உறுதிசெய்தல் இன்றியமையாதது.