உயிர் காக்கும் இரு கைகள்

மாரடைப்பு என்னும் சொல்லை நாம் எல்லாரும் அறிவோம். ஆயினும், அவ்வொரு சொல்லால் இருவேறு நிலைகளைக் குறித்து வருகிறோம் என்பதைப் பலர் அறியார். இதயத் தசைக்குக் குருதி கொண்டு செல்லும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. அந்நிலையில் நெஞ்சு வலிக்கும், வியர்க்கும், எனினும் பெரும்பாலும் நினைவும் பேச்சும் இருக்கும். இதயத் துடிப்பே நின்றுவிடுவது வேறு. அதில் மனிதர் நினைவிழந்து விழுவார், மூச்சும் அடங்கிவிடும். முன்னது பின்னதற்குக் காரணமாகலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முன்னதற்கு வேண்டுவது விரைந்து மருத்துவமனை சேர்தல். பின்னதற்கோ அதுவரை காத்திருக்கக் காலமில்லை.

காலமில்லை என்பது மிகைக்கூற்றன்று. குருதியோட்டம் நின்ற 4, 5 நிமிடங்களில் மூளை பழுதுபடத் தொடங்கும். உதவுவார் இல்லாவிடின், பிழைக்கும் வாய்ப்பு நிமிடந்தோறும் நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறையும். மருத்துவ வண்டி எவ்வளவு விரைந்து வந்தாலும் சாலையைக் கடக்க வேண்டும். அடுக்குமாடி வீடாயின் மின்தூக்கிக்கும் காத்திருக்க வேண்டும். ஆகவே, அந்த முதல் நிமிடங்கள் மருத்துவருக்கு உரியவை அல்ல. அருகில் நிற்பவருக்கு உரியவை. இந்நிலை பெரும்பாலும் வீட்டிலேயே நேர்வதால், அவர் மனைவியாகவோ மகனாகவோ அண்டை வீட்டாராகவோ இருப்பார்.

முறை பிறந்த வரலாறு

முற்காலத்தில், நின்ற இதயத்தை இயக்க மருத்துவர்கள் மார்பைக் கீறித் திறந்து இதயத்தைக் கையால் பிசைந்தனர். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த கோவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர், மார்பைத் திறவாமலே மேலிருந்து அழுத்திக் குருதியை ஓட்டலாம் என்பதை 1960இல் வெளியிட்டனர். மூவருள் கோவன்ஹோவன் மின்பொறியியல் பேராசிரியர் என்பது குறிப்பிடத்தக்கது. கத்தி வேண்டாத இம்முறையால், உயிர் மீட்கும் பணி அறுவை அரங்கைவிட்டு வீட்டுக்கும் வீதிக்கும் வந்தது. ‘சிபிஆர்’ எனப்படும் இதய இயக்க மீட்பின் அடிப்படை இதுவே.

செய்யும் வகை

விழுந்தவரின் தோளைத் தட்டி உரக்க அழையுங்கள். அசைவும் இயல்பான மூச்சும் இல்லையெனில் உடனே தொலைபேசியில் அழையுங்கள்: சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. ஈண்டு ஒன்றை வற்புறுத்த வேண்டும். இதயம் நின்ற பின்னும் சிலருக்கு மூச்சு விட்டுவிட்டுத் திணறலாக வரும். நன்றாயிருந்தவர் திடீரென விழுந்து இவ்வாறு கிடக்கும்போது, ‘உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது’ என்று வாயில் நீர் வார்ப்பது பெருந்தவறு. அது இயல்பான மூச்சன்று. உடனே அழுத்தத் தொடங்க வேண்டும் என்பதற்கான அறிகுறி.

அவரைத் தரையில் மல்லாக்கக் கிடத்தி, மார்பின் நடுவில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மற்றக் கையை அதன்மேல் வையுங்கள். முழங்கை மடங்காமல், மார்பு 5 சென்டிமீட்டர் அமிழுமாறு, ஆனால் 6க்கு மேற்படாமல் அழுத்துங்கள். ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் மார்பு முழுதும் எழ விடுங்கள். நிமிடத்திற்கு 100 முதல் 120 அழுத்தங்கள் வேண்டும். வாய்விட்டு எண்ணுவோர், பத்து வரை எண்ணி மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவது நன்று. அதற்கு மேல் எண்ணுப்பெயர்கள் நீள்வதால் கையும் தாமதிக்கும். களைத்தால் இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளலாம். வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்குவோர், வயது வந்தவர்க்கு அழுத்தம் மட்டும் கொடுத்தாலும் பயனுண்டு. நீரில் மூழ்கியோர்க்கும் குழந்தைகட்கும் மூச்சூட்டலும் தேவை. அதனைப் பயிற்சியிற் கற்றல் வேண்டும்.

‘ஏஇடி’ எனப்படும் மின்னதிர்ச்சிக் கருவி சிங்கப்பூர் அடுக்குமாடிக் கட்டடங்கள் பலவற்றின் அடித்தளத்தில் உள்ளது. அருகிருப்பவர் ஒருவரை அனுப்பி அதனைக் கொணரச் செய்யுங்கள். இயக்கியவுடன் செய்ய வேண்டியதை அதுவே குரல்கொடுத்துச் சொல்லும். தேவையில்லாதவர்க்கு அது அதிர்ச்சி தராது.

‘தவறாகச் செய்துவிட்டால்?’ என்னும் அச்சமே பலரின் கைகளைக் கட்டிப்போடுகிறது. அழுத்தும்போது விலா எலும்பு முறிதலும் உண்டு. முறிந்த எலும்பு பின்னர்க் கூடும். நின்ற இதயமோ தானே இயங்காது. இவ்வச்சத்தை ஏட்டறிவு போக்காது. பொம்மையின்மேல் அழுத்திப் பழகிய கை போக்கும். இரு நாடுகளிலும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும், சிங்கப்பூரில் செஞ்சிலுவைச் சங்கமும், மலேசியாவில் செம்பிறைச் சங்கமும் முதலுதவிப் பயிற்சி அளிக்கின்றன.

தமிழாசிரியர்கட்கு இதில் தனிப் பங்குண்டு. ஆங்கிலமோ மலாயோ அறியாத முதியவரும் வீட்டில் துணையோடு வாழ்கின்றனர். துணைவர் விழுந்தால் முதலிற் காண்பவர் அவரே. கருவி பேசும் மொழி அவருக்குப் புரியாதிருக்கலாம். ‘அழுத்துங்கள், நிறுத்தாதீர்கள்’ என்று தமிழில் முன்பே பழகிய சொல் புரியும். ஆசிரியர் முதலில் தாம் கற்று, மாணவர்க்குக் கற்பித்து, அம்மாணவர் வீட்டிற் பாட்டிக்குச் செய்து காட்டட்டும். நாம் கற்பிக்கும் பாடங்களுள் இது மிகச் சிறியது. ஓர் உயிருக்கு ஈடானது.