மூன்று ஒயர் உண்டு, எர்த் இல்லை

போர் மோட்டாரை மேலே இழுத்துப் போடும்போது கூடவே தட்டையான கேபிள் ஒன்று வரும். உள்ளே சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று ஒயர். ஃபிரிட்ஜின் மூன்று பின் பிளக்கை நினைத்துக்கொண்டு, இதிலும் ஒன்று எர்த் என்று நம்புகிறவர்கள் ஏராளம். எர்த் கிடையாது. சிங்கிள் பேஸ் மோட்டார் தானாகச் சுழலத் தொடங்காது. தள்ளிவிட இன்னொரு காயிலும் கெபாசிட்டரும் வேண்டும். கெபாசிட்டர் மேலே பேனல் பெட்டியில் இருப்பதால்தான் கீழே மூன்று ஒயர் போகிறது: ஸ்டார்ட், ரன், காமன். மூன்றிலுமே கரண்ட் ஓடும்.

முன்பு மோட்டார் இரும்புக் குழாயில் தொங்கியது. அந்தக் குழாயே ஓரளவு எர்த்தாக உதவியது. இப்போது பிளாஸ்டிக் குழாய், நைலான் கயிறு.

ஆழத்தில் கசியும் கரண்ட் பெரும்பாலும் நிலத்தடி நீரோடு போய்விடும். ஆபத்து மேலேதான். கேசிங் வாயில் போட்ட இரும்பு மூடியின் விளிம்பில் கேபிள் உரசி உரசித் தோல் கிழியும். அந்த மூடிமேல்தான் நாம் குடத்தை வைக்கிறோம்.

'எர்த் குழி போட்டாச்சே' என்பார்கள். நம் ஓரிக்கை பாலாற்றங்கரை ஊர். கரியும் உப்பும் கொட்டிக் குழாய் இறக்கினாலும், காய்ந்த ஆற்று மணல் மின்சாரத்தை எளிதில் வாங்காது. எர்த்தின் தடை 23 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டில் கசிவு 10 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது, மூடியில் கரண்ட் நிற்கும். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதனால்தான்.

இங்கே கைகொடுப்பது ஆர்.சி.சி.பி. அது பார்ப்பது ஒரே கணக்கை: போன கரண்ட் முழுதும் திரும்பியதா? தறி தெரிந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போன நாடா திரும்பாவிட்டால் நெய்கிறவர் கை தானாக நிற்கும். வீட்டுக்குப் போடும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, நொடிக்குள் இணைப்பை வெட்டிவிடும். அந்த 23 ஓம் எர்த்துகூட அதற்குத் தாராளம். எர்த்தே இல்லையென்றால், யாராவது தொட்ட பிறகுதான் அது விழும். ஆகவே இரண்டும் வேண்டும். மூடிக்கும் பேனல் பெட்டிக்கும் பச்சை ஒயர் போக வேண்டும். சம்ப்பில் கிடக்கும் மோட்டாரென்றால் அதன் உடம்புக்கும்.

ஆர்.சி.சி.பி.யில் 'டெஸ்ட்' என்றொரு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். மோட்டார் போடும்போதெல்லாம் விழுகிறதே என்று அதை பைபாஸ் செய்துவிட்டுப் போகும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கொஞ்சம் நிறுத்தி, மூடியைக் கழற்றி, கேபிள் உரசும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டு.