பாதரசமும் உறையும் ஊரில் 100 டிகிரி வெயில்!

தெருவில் நின்று ஒருவர் மூச்சு விடுகிறார். மூச்சில் உள்ள ஈரம் அந்தரத்திலேயே பனித்துகளாக மாறி உதிர்கிறது. காது கொடுத்துக் கேட்டால் "சரசர" என்று மெல்லிய சத்தம். அந்தச் சத்தத்துக்கு அங்குள்ள ஜனங்கள் வைத்திருக்கும் பெயர், "நட்சத்திரங்களின் கிசுகிசுப்பு."

ஊரின் பெயர் வெர்கோயான்ஸ்க். ரஷியாவில், சைபீரியாவின் யாகூட்டியா மாநிலத்தில், யானா நதிக்கரையில் இருக்கிறது. (யானைக்கும் இந்த நதிக்கும் சம்பந்தம் இல்லை!) ஜனத்தொகை சுமார் ஆயிரம்தான். ஆனாலும் நகரம் என்ற அந்தஸ்து உண்டு. 1638-ல் ஒரு சிறு கோட்டையாகத் தொடங்கிய ஊர் இது. பிற்காலத்தில் ஜார் மன்னர்கள், தங்களை எதிர்த்தவர்களை இங்கே கொண்டுவந்து தள்ளினார்கள். மதில் சுவர் எதற்கு? குளிரே காவல்!

சாராய வெப்பமானி

அப்படி வந்த கைதிகளில் ஒருவர் செர்கே கோவாலிக். ஊரின் வானிலைக் கணக்கை அவர் எழுதி வந்தார். 1892 பிப்ரவரியில் பதிவான குளிர் எவ்வளவு தெரியுமா? பூஜ்யத்துக்குக் கீழே 67.8 டிகிரி செல்சியஸ்!

சாதாரண வெப்பமானி அங்கே உதவாது. பூஜ்யத்துக்குக் கீழே 39 டிகிரி வந்தாலே பாதரசம் கட்டியாகிவிடும். ஆகையால் சாராயம் நிரப்பிய வெப்பமானியைத்தான் நம்ப வேண்டும். ஒய்மியாகோன் என்ற இன்னொரு சைபீரிய கிராமத்திலும் 1933-ல் இதே அளவு குளிர் பதிவாயிற்று. "எங்கள் ஊர்தான் குளிரின் தலைநகரம்" என்று இரண்டு ஊருக்கும் போட்டி!

ஜனவரியில் சராசரிக் குளிரே பூஜ்யத்துக்குக் கீழே 45 டிகிரியை ஒட்டி இருக்கும். டிசம்பரில் சில நாட்கள் சூரியன் உதிப்பதே இல்லை. பாலைக் கிண்ணத்தில் ஊற்றி வெளியே வைத்தால் போதும். கட்டியாகிவிடும். தட்டி எடுத்து அடுக்கி வைப்பார்கள். குடிதண்ணீருக்கு ஆற்றுப் பனிக்கட்டியை அறுத்து வந்து, வீட்டில் உருக்கிக்கொள்வதும் உண்டு. குளிர் 45 டிகிரிக்கும் கீழே போனால் யாகூட்டியாவில் சின்னக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு. பெரிய பிள்ளைகளுக்கு லீவு கிடைக்க இன்னும் குளிர வேண்டும்! குதிரைகளுக்கோ லாயமே கிடையாது. குளம்பால் பனியைக் கிளறிப் புல் தின்னும்.

ஏன் இப்படி?

வீட்டு முற்றத்துக் கல்லைப் பாருங்கள். நடுப்பகலில் காலைச் சுடும். இரவில் சீக்கிரம் ஆறிவிடும். பக்கத்துத் தொட்டித் தண்ணீர் அப்படியல்ல. மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். கடல் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. கரையோர ஊர்களின் வெயிலையும் குளிரையும் அது மட்டுப்படுத்துகிறது. வெர்கோயான்ஸ்க் ஊருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கடல் வடக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. குளிர்காலத்தில் அந்தக் கடலும் உறைந்துவிடுகிறது!

போதாக்குறைக்கு ஊர் இருப்பது மலைகளுக்கு நடுவே. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்கிவிடுகிறது. கலைத்து விடக் காற்று வீசுவதில்லை. போர்வையாக மேகமும் இல்லை. அதனால் தரையின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடுகிறது. அந்த நாட்களில் மலைமேல் ஏறினால் குளிர் குறையும்!

நள்ளிரவில் வெயில்

அக்டோபரில் உறைந்த ஆறு மே மாதக் கடைசியில்தான் உடைந்து ஓடும். ஜூன் மாதம் சூரியன் மறைவதில்லை. இரவு 12 மணிக்கும் வெளிச்சம். கூடவே கொசுப் படை!

ஜூலையில் சராசரி வெப்பம் சுமார் 16 டிகிரிதான். ஆனால் 2020 ஜூன் 20-ந் தேதி வெப்பம் 38 டிகிரிக்கு ஏறிவிட்டது. பாரன்ஹீட் கணக்கில் 100-ஐத் தாண்டிய வெயில். வடதுருவ வட்டத்துக்குள் பதிவான மிக அதிக வெப்பம் இதுதான் என்று உலக வானிலை அமைப்பு 2021 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. ஒரே ஊரில், உச்சக் குளிருக்கும் உச்ச வெயிலுக்கும் 105 டிகிரிக்கு மேல் வித்தியாசம்!

காலடியில் கவலை

குளிர் இந்த ஜனங்களுக்குப் பழகிப்போனது. வெப்பம்தான் கலக்கம் தருகிறது. கோடையில் தரையின் மேற்பகுதி மட்டும் இளகும். அதன் கீழே மண் ஆண்டு முழுவதும் கல்லாக உறைந்து கிடக்கும். அந்த உறைந்த மண்ணை நம்பித்தான் யாகூட்டியாவில் தூண்களை இறக்கிக் கட்டடம் கட்டுகிறார்கள். மண் ஆழமாக இளகினால் தூண் சாயும், சுவர் வெடிக்கும்.

அந்த வட்டாரத்திலேயே, பதகாய் என்ற ஊருக்கு அருகில், 1960-களில் காட்டை வெட்டினார்கள். நிழல் போயிற்று. மண் இளகிச் சரியத் தொடங்கியது. இன்று அங்கே சுமார் 1 கிலோமீட்டர் நீளத்துக்குப் பள்ளம். அது இன்னும் வளர்கிறது.

வீட்டுப் பெண்களின் கவலை நிலவறையைப் பற்றியது. உறைந்த மண்ணைத் தோண்டி அறை அமைத்து, மீனையும் இறைச்சியையும் கோடை முழுவதும் கெடாமல் வைத்திருப்பது யாகூட்டியாவில் பரம்பரை வழக்கம். செலவில்லாத பெட்டி அது. இப்போது பல நிலவறைகளில் பனி இளகித் தண்ணீர் ஊறுகிறது. உலகத்துக் குளிரெல்லாம் கூடும் நாட்டில், இறைச்சியைக் காக்க மின்சாரக் குளிர்பதனப் பெட்டி தேவைப்படுகிறது!